மெட்டின் மேல் சொல் ஏறும்போது

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்தது. அவர்களை ஆதரித்த வேங்கடகிருஷ்ண முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பால் தீட்சிதரின் பிள்ளைகளுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. அவர்களில் பாலுசுவாமி வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், 1775இல் பிறந்து 1835இல் மறைந்த அந்த மேதை, தாம் கேட்ட மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்ற பெயரில் இன்றும் பாட்டு வகுப்புகளில் பிள்ளைகள் பாடுகிற அவை ஏறத்தாழ 40 இருக்கும். பெரும்பாலானவை வடமொழியில் அமைந்தவை. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகம் இல்லாமல் நேராக நடப்பவை.

அவற்றில் ஒன்று ‘சந்ததம் பாஹிமாம்’. அதன் மெட்டு இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. 1745இல் லண்டன் நாடக அரங்கில் பாடப்பட்டுப் புகழ்பெற்ற அந்தக் கீதம், கோட்டை பேண்டு வாசித்தபோது சொல்லை உதிர்த்துவிட்டு வெறும் ஒலியாக வந்திருக்கும். பித்தளைக் குழலுக்கு மன்னர் யார் என்று தெரியாது. தீட்சிதர் அந்த ஒலியின் மேல் சங்கீத சியாமளை என்ற தேவியை எழுந்தருளச் செய்தார். பின்னர் 1831இல், இங்கிலாந்து மன்னரை உதறிவிட்டுக் குடியரசான அமெரிக்காவில், அதே மெட்டுக்குத் தேசபக்திப் பாடல் ஒன்று எழுந்தது. சுவிட்சர்லாந்து 1961 வரை அதே மெட்டில்தான் தன் நாட்டைப் பாடியது. லிச்டென்ஸ்டைனின் தேசிய கீதம் இன்றும் அதே மெட்டில் ஒலிக்கிறது. நார்வேயின் அரச வாழ்த்தும் அதுவே.

மன்னர், மன்னர் இல்லாத நாடு, மலைநாடு, தேவி என்று எல்லோரையும் ஒரே மெட்டு தாங்கியிருக்கிறது. இதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. சொல் இல்லாத இசைக்குச் சொல் சேர்த்தால் அந்த இசை வளர்கிறதா, குறைகிறதா? வாத்திய இசை என்பது பாட்டு ஆகக் காத்திருக்கும் ஒன்றா, தானே முழுமையான ஒன்றா?

இசை ரசிகர்கள் காலங்காலமாக இதில் இரு கட்சியாக நிற்கிறார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் உளவியலும் நரம்பியலும் இந்தக் கேள்விக்குள் நுழைந்து பார்த்திருக்கின்றன. அவை காட்டுவது என்னவென்றால், நாம் ஒரே செயலாக நினைக்கும் ‘சொல் சேர்த்தல்’ உண்மையில் மூன்று செயல்கள். வாத்தியம் இருந்த இடத்தில் மனிதக் குரல் வருகிறது. நீண்டோடிய ஒலி அசைகளாக வெட்டப்படுகிறது. பிறகுதான் பொருள் வந்து சேர்கிறது. இந்த மூன்றும் நம் செவியிலும் மூளையிலும் வேறு வேறு வேலை செய்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் இரு கட்சியினரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது விளங்கும்.

குரல் தரும் கொடை

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். கேட்பவருக்கு அறிமுகமில்லாத நாட்டுப்புற மெட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றை ஒருவர் ‘லா லா’ என்று பாடினார். சில பியானோவிலும், சில பாஞ்சோவிலும், சில மரிம்பாவிலும் ஒலித்தன. சற்று நேரம் கழித்து, எவை முன்பு கேட்டவை என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். பாடப்பட்ட மெட்டுகளே மனத்தில் நன்றாகப் பதிந்திருந்தன. பாட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வெறும் குரலே போதுமானதாக இருந்தது. தொடர்ந்து நடந்த ஆய்வில் பியானோக் கலைஞர்களையே சோதித்தார்கள். வாழ்நாள் முழுவதும் பியானோவோடு புழங்கியவர்களுக்கும் குரலில் கேட்ட மெட்டுதான் கூடுதலாக நினைவில் நின்றது.

காரணம் மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. காதுக்கு மேலே, பொட்டு மடலின் ஓரத்தில், மனிதக் குரலுக்கென்றே கூடுதலாக விழித்துக்கொள்ளும் பகுதிகள் இருப்பதை பாஸ்கல் பெலனும் அவருடைய குழுவினரும் 2000இல் மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். பேச்சு, சிரிப்பு, இருமல் என்று குரலிலிருந்து எது வந்தாலும் அவை எழுகின்றன. மணி ஓசைக்கோ இயந்திர ஓசைக்கோ அவ்வளவாக எழுவதில்லை. பிறந்த நாளிலிருந்து நம்மைக் காத்துவந்த ஒலி தாயின் குரல். அதற்கு மூளை தனி இடம் ஒதுக்கியிருப்பதில் வியப்பில்லை.

2022இல் இதைவிட வியப்பான ஒரு செய்தி வந்தது. வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 15 பேரின் ஒப்புதலோடு, சாம் நார்மன் ஹைக்னியர், நான்சி கான்விஷர், ஜோஷ் மெக்டெர்மட் ஆகியோரின் குழு 165 வகை ஒலிகளை அவர்களுக்குக் கேட்கச் செய்தது. நாய் குரைப்பு, கதவு தட்டல், பேச்சு, வாத்திய இசை, பாட்டு எல்லாம் அதில் இருந்தன. செவிப்புலப் பகுதியில் ஒரு நரம்பணுத் தொகுதி பாட்டுக்கு மட்டும் பலமாக எழுந்தது. தனிப் பேச்சுக்கும் தனி வாத்தியத்துக்கும் அது மங்கலாகவே பதில் சொன்னது. அதாவது, பாட்டு என்பது பேச்சையும் இசையையும் கூட்டி வந்த தொகை மட்டும் என்று மூளை கருதவில்லை. அதற்கென்று தனி வாசல் வைத்திருக்கிறது.

குழலும் யாழும் இனியவை என்று சொல்பவர்கள் தம் பிள்ளைகளின் மழலையைக் கேளாதவர்கள் என்று வள்ளுவர் ஒரு தராசைப் பிடித்தார். அதில் குழலுக்கும் யாழுக்கும் எதிர்த் தட்டில் அவர் வைத்தது செய்யுளையோ அறிவுரையையோ அல்ல, இன்னும் சொல்லாகத் திரளாத மழலையை. குரலுக்கு இருக்கும் ஈர்ப்பு பொருளிலிருந்து தனியானது என்பதை அந்த அறிஞர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்!

ஆகவே, ஒரு வாத்திய மெட்டுக்கு வரிகள் சேர்ந்ததும் அது நம்மைக் கூடுதலாகத் தொடுகிறது என்றால், அந்தப் புகழில் பெரிய பங்கு கவிஞருக்குப் போகுமுன் குரலுக்குப் போக வேண்டும். ராக்மானினோவ் 1915இல் எழுதிய ‘வோக்கலிஸ்’ இதற்குச் சான்று. பாடகி ஒரே உயிரொலியில் பாடும் அந்தப் பாட்டில் சொல்லே கிடையாது. நம் ஆலாபனையும் அப்படித்தான். ராகம் ஒருவருடைய தொண்டையிலிருந்து வருகிறது, சொல் வருவதில்லை. அவையில் யாருக்கும் ஏதோ குறைகிறது என்று தோன்றுவதில்லை.

அசை தரும் பிடிமானம்

இரண்டாவது கொடை அசை. வாத்திய ஒலி இழுத்துக்கொண்டே போகக்கூடியது. சொல்லோ குறில், நெடில், ஒற்று என்று கணுக்கணுவாக வருவது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்தது எழுத்துக்கு மட்டுமான கணக்கன்று. மெட்டின் மேல் சொல்லை ஏற்றும் எவரும் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். விரைந்து ஓடும் சுரங்களில் நெடில் சிக்கிக்கொள்ளும். நீண்டு நிற்கும் சுரத்தில் வல்லின ஒற்று வந்தால் ஒலி அடைபட்டுவிடும்.

தமிழ்த் திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முதலில் வருகிறது, பாட்டு பின்னால் வருகிறது. இசையமைப்பாளர் ‘தன்னன தான’ என்று தத்தகாரம் சொல்வார். கவிஞர் அந்தக் குறில் நெடிலுக்குள் பொருளை இறக்குவார். எம்.எஸ்.விஸ்வநாதனும் கண்ணதாசனும் இந்தக் கலையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது தமிழ் கேட்கும் எல்லாருக்கும் தெரியும். தத்தகாரத்தில் பொருள் இல்லை. ஆனால் வரப்போகும் சொல்லின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது.

இந்த எலும்புக்கூடு நினைவைப் பிடித்து நிறுத்துகிறது. மேரி லூயிஸ் செராஃபின், ராபர்ட் குரௌடர், புரூனோ ரெப் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மக்களுக்கு அறிமுகமில்லாத நாட்டுப்புறப் பாடல் பகுதிகளைக் கேட்கச் செய்து, பின்பு மெட்டை மட்டும் அடையாளம் காணச் சொன்னார்கள். முதலில் கேட்ட அதே சொற்களோடு மெட்டு வந்தால் எளிதில் கண்டுகொண்டார்கள். அதே மெட்டு வேறு பாட்டின் சொற்களைச் சுமந்து வந்தால் தடுமாறினார்கள். மெட்டும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைக்கப்படுவதில்லை, ஒன்றோடு ஒன்று பின்னிப் பதிகின்றன என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

எதிர்த்திசையிலும் இது உண்மை. சொல்லை நினைவில் வைக்க மெட்டு உதவுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதை வாண்டா வாலஸ் 1994இல் காட்டினார். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து பழகினால்தான் அது வரிகளைப் பிடித்துக்கொடுக்கிறது. ஒரே ஒரு முறை ஒலித்துவிட்டுப் போகும் மெட்டு நினைவுக்குக் கைகொடுப்பதில்லை. பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுக்குப் பாடும் முறையில் பேச்சுப் பயிற்சி தரும் சிகிச்சையை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவாக்கினார்கள். பேச முடியாத சிலர் பழகிய பாட்டை வரிகளோடு பாடினார்கள் என்பது மருத்துவர்களை அதற்குத் தூண்டியது. அங்கே குணப்படுத்துவது இராகமா தாளமா என்று 2011இல் பெஞ்சமின் ஸ்டாலும் அவருடைய குழுவினரும் சோதித்தபோது, சுரத்தின் ஏற்ற இறக்கத்தைவிடத் தாளமும், வாய்ப்பழக்கமான தொடர்களும் பெரிய பங்கு வகித்தன. மறுபடியும் அசைதான்.

வீணை வாசிப்பைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கிருதியை வாசிக்கும் வைணிகர் சாகித்யத்தின் அசை தொடங்கும் இடத்தில் மீட்டுகிறார். அசை நீளும் இடத்தில் மீட்டாமல் இழுக்கிறார். பாட்டைத் தெரிந்தவர் காதுக்கு வீணை சொல்லைச் சொல்வது போலக் கேட்கிறது. சொல்லைப் பாடாமலேயே சொல்லின் கணுக்களை மட்டும் வாசிக்கும் கலை அது.

ஜாஸ் இசையில் இதன் மறுபக்கம் நடந்தது. 1949இல் ஸ்டாக்ஹோமில் ஜேம்ஸ் மூடி ஒரு காதல் பாட்டின் மேல் சாக்ஸபோனில் கற்பனையாக வாசித்துச் சென்றார். அந்த நொடியில் பிறந்த வாசிப்பு அது. எடி ஜெஃபர்சன் அதன் ஒவ்வொரு வளைவையும் விடாமல், சுரத்துக்கு ஓர் அசை என்ற கணக்கில் வரி எழுதினார். 1952இல் கிங் பிளெஷர் அதைப் பாடிப் பதிவு செய்ய, சாக்ஸபோன் வாசிப்பு ஒரு காதல் உரையாடலாகவே மாறியது. ‘மூடிஸ் மூட் ஃபார் லவ்’ என்ற அந்தப் பாட்டில் மெட்டு எங்கும் வெட்டப்படவில்லை, சொல்தான் ஓடி ஓடி மெட்டைப் பிடித்தது. வாத்திய இசைக்குச் சொல் சேர்ப்பதில் இதைவிட மரியாதையான முறை அரிது.

பொருள் தரும் திசை

மூன்றாவதாக வருவது பொருள். இங்கேதான் ஆதாயமும் இழப்பும் கைகோத்து வருகின்றன.

முதலில், மூளை சொல்லையும் சுரத்தையும் எப்படிப் பிரிக்கிறது என்று பார்ப்போம். 2020இல் ஃபிலிப் அல்பூய், ராபர்ட் சட்டோர் ஆகியோரின் குழு 10 வரிகளையும் 10 மெட்டுகளையும் ஒன்றோடொன்று கலந்து, வாத்தியம் இல்லாத 100 சிறு பாட்டுகளை உருவாக்கியது. பிறகு ஒலியில் இரண்டு வகையான சிதைவைச் செய்தார்கள். ஒலி காலத்தில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற விவரத்தை அழித்தபோது வரி புரியாமல் போனது, மெட்டு தப்பித்தது. எந்தெந்த அதிர்வெண்கள் சேர்ந்திருக்கின்றன என்ற விவரத்தை அழித்தபோது மெட்டு கரைந்தது, வரி தப்பித்தது. முதல் விவரத்தை இடப்பக்கச் செவிப்புலப் பகுதியும், இரண்டாவதை வலப்பக்கமும் கூர்மையாகக் கவனித்தன. ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வரும் ஒலியில் இரண்டு செய்திகள் இரண்டு வேறு தடங்களில் பயணம் செய்கின்றன.

மிரேய் பெசனின் குழு 1998இல் இதை வேறு வழியில் தொட்டது. இசைக் கலைஞர்களுக்கு ஓபெராவின் சிறு பகுதிகளைக் கேட்கச் செய்தார்கள். சிலவற்றின் கடைசிச் சொல் பொருந்தாதது, சிலவற்றின் கடைசிச் சுரம் பிசகியது, சிலவற்றில் இரண்டும் தவறு. பொருந்தாத சொல்லுக்கு மூளை 400 மில்லிநொடி அளவில் ஒருவகை அலையை எழுப்பியது. பிசகிய சுரத்துக்கு வேறு வகை அலை எழுந்தது. இரண்டும் தவறானபோது இரு அலைகளும் தனித்தனியே எழுந்து கூடின. பொருளுக்கு ஒரு காவலாளி, சுருதிக்கு இன்னொருவர். நினைவில் பின்னிக்கொள்ளும் சொல்லும் மெட்டும், கேட்கும் கணத்தில் தனித்தனியே தணிக்கை செய்யப்படுகின்றன.

இனி உணர்ச்சி. அமெரிக்க ஆய்வாளர்கள் அலியும் பெய்னிர்சியோக்லுவும் 2006இல் ஒரு கேள்வி கேட்டார்கள். மெட்டு, வரி இரண்டில் எது மனத்தை நகர்த்துகிறது? மெட்டுக்கே கூடுதல் பலம் என்று தெரிந்தது. இரண்டும் வெவ்வேறு உணர்ச்சியைச் சொன்னாலும் கேட்பவர் மனம் மெட்டின் பக்கம் சாய்ந்தது. அதைவிடச் சுவையான ஒன்றும் அதில் வெளிப்பட்டது. மகிழ்ச்சியான, அமைதியான மெட்டுகளோடு வரி சேர்ந்தபோது அவற்றின் உணர்ச்சி சற்றுக் குறைந்தது. துயரமான, சினமான மெட்டுகளோடு சேர்ந்தபோது கூடியது. ஐந்து ஆண்டுகள் கழித்து எல்விரா பிராட்டிகோவின் குழு மூளைப் படங்களில் ஆராய்ந்தபோதும் துயரத்துக்கு வரிகள் வலுச் சேர்ப்பதும், மகிழ்ச்சிக்கு வாத்திய ஒலியே போதுமானதாக இருப்பதும் தெரிந்தது.

ஏன் இப்படி? மகிழ்ச்சிக்குக் காரணம் கேட்பதில்லை நாம். துள்ளும் தாளமே போதும், உடல் புரிந்துகொள்கிறது. துயரமோ யார், எங்கே, எதை இழந்து என்று ஓர் ஆளைத் தேடுகிறது. வரி அந்த ஆளைக் கொடுக்கிறது. இது என் எண்ணம்தான். ஆனால் நம் ஒப்பாரியை நினைத்துப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஒப்பாரிக்குப் பெயர் வேண்டும், உறவு வேண்டும், ஊர் வேண்டும். திருவிழாவில் தவிலும் நாகஸ்வரமும் ஒலிக்கும்போது சொல்லுக்கு என்ன தேவை? சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது. அது முழங்கியதும் கோயில் வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும்.

பொருள் இசைக்கு ஒரு திசையைக் கொடுக்கிறது. சிபெலியஸ் 1899இல் ஃபின்லாந்தின் மேல் ரஷ்யப் பேரரசின் பிடி இறுகிய நேரத்தில் ‘ஃபின்லாந்தியா’வை வாத்தியக் குழுவுக்காக எழுதினார். அதன் நடுவே வரும் அமைதியான பகுதிக்கு 1941இல் கோஸ்கென்னியெமி வரி எழுதினார். அதன் பிறகு மக்கள் ஒன்றாக நின்று பாட முடிந்தது. வாத்தியக் குழு இல்லாத ஊரிலும், மேடை இல்லாத இடத்திலும் அந்த இசை உயிர்வாழ முடிந்தது. கூட்டமாகப் பாட வரிகள் வேண்டும். இது சொல் தரும் மாபெரும் கொடை, இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

அதே திசைதான் சிக்கலும் ஆகிறது. ஸ்பெயினின் தேசிய கீதத்துக்கு அதிகாரபூர்வமான வரிகள் இல்லை. வரி வேண்டும் என்று போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்ததை 2008இல் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பல மொழிகளும் கசப்பான வரலாற்று நினைவுகளும் உள்ள நாட்டில், சொல்லில்லாத மெட்டின் கீழ் எல்லாரும் நிற்க முடிந்தது. சொல் வந்ததும் எந்தச் சொல் என்ற வழக்கு வந்துவிட்டது.

இழப்பின் கணக்கு

சொல் சேர்ந்தால் போகக்கூடியவை என்னென்ன? முதலாவது, ஒலியின் வீச்சு. வயலினும் குழலும் தாவும் தொலைவைத் தொண்டை தாவ முடியாது. அப்படித் தாவினாலும் சொல் தப்புவதில்லை. ‘ஈ’யையும் ‘ஊ’வையும் ‘ஆ’வையும் நாம் வேறுபடுத்துவது வாய்க்குள் எழும் ஒத்ததிர்வுகளால். ‘ஈ’க்கும் ‘ஊ’வுக்கும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ‘ஆ’வுக்கு 700, 800 வரை போகும். பாடகி 600 ஹெர்ட்ஸ் சுருதியில் நின்றால் அவர் குரலில் 600, 1200, 1800 என்ற அதிர்வுகள்தான் உண்டு. 300 அங்கே இல்லவே இல்லை. எனவே ‘ஈ’ தன் அடையாளத்தை இழக்கிறது. மேல் சுரங்களில் பாடும் ஓபெராப் பாடகிகள் வாயை அகலத் திறந்து, ஒத்ததிர்வையே சுருதிக்கு ஏற்ப நகர்த்திக்கொள்கிறார்கள் என்று சிட்னி ஆய்வாளர்கள் 2004இல் அளந்து காட்டினார்கள். குரல் கணீரென்று அரங்கை நிறைக்கிறது. உயிரெழுத்துகள் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. உச்சத்தில் சொல்லும் சுரமும் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கவனம். சலாமேயும் பாடலியும் 1989இல் காட்டியபடி, எண்களை நினைவில் வைக்க முயல்பவருக்குப் பின்னணியில் வாத்திய இசை தரும் தொல்லையைவிடப் பாட்டு தரும் தொல்லை அதிகம். பேச்சொலி நம் மனத்துக்குள் அழைப்பின்றியே நுழைகிறது. அதை வெளியே நிறுத்தி வைக்க முடியாது. படிக்கும்போது பாட்டு இடைஞ்சலாகவும் வீணை துணையாகவும் பலருக்கு இருப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது. 2005இல் டேவிட் கிரேமரின் குழு, பலருக்கும் தெரிந்த பாட்டுகளையும் வாத்திய இசையையும் ஒலிக்கச் செய்து, நடுநடுவே சில நொடிகள் ஒலியை நிறுத்தியது. பழகிய இசை நின்றாலும் கேட்பவர்களின் மூளை அதைத் தொடர்ந்து ‘கேட்டது’. வரிகள் உள்ள பாட்டில் அந்த இட்டு நிரப்பல் செவிப்புலத்தின் மேல்நிலைப் பகுதிகளோடு நின்றது. வரிகள் இல்லாத இசையிலோ அது ஒலியை முதலில் வாங்கும் அடிப்படைப் பகுதி வரை இறங்கியது. சொல் இருந்தால் மூளை அதைப் பற்றிக்கொண்டு கடந்துவிடுகிறது. சொல் இல்லாவிட்டால் ஒலியையே மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. வாத்திய இசை நம்மைக் கூடுதலாகக் கேட்கச் செய்கிறது என்று ரசிகர்கள் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

மெண்டல்சோன் இதை உள்ளத்தால் உணர்ந்திருந்தார். ‘சொல்லில்லாப் பாட்டுகள்’ என்ற பெயரில் பியானோவுக்காக 8 தொகுதிகளாக 48 சிறு இசைகள் அவர் பெயரில் வெளிவந்தன. அவற்றில் சிலவற்றின் பொருள் இதுவா அதுவா என்று சூஷே என்பவர் எழுதிக் கேட்டபோது, 1842இல் அவர் எழுதிய பதில் இசை வரலாற்றில் நிலைத்துவிட்டது. இசை சொல்லும் எண்ணங்கள் சொல்லுக்கு அடங்காதபடி மங்கலானவை என்பது வழக்கமான கருத்து. அவர் அதைத் திருப்பிப் போட்டார். அவை சொல்லுக்கு அடங்காத அளவுக்குத் துல்லியமானவை என்பது அவருடைய நிலை.

நம் மரபிலும் இந்த இழுபறிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்து உடன் சென்றார். திருத்தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், யாழால்தான் பதிகத்துக்குப் புகழ் என்று பேசினார்கள். வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடிய ‘மாதர் மடப்பிடி’ யாழுக்கு அடங்கவில்லை. மனமுடைந்த பாணர் கருவியை உடைக்க எழுந்தபோது சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவுக்கு வாசித்து வருமாறு சொல்லி யாழைத் திருப்பிக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். குரலே வென்றது என்று பலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடைசிச் செயல்தான் பெரிதாகப் படுகிறது. தம் சொல்லின் ஆற்றலை முழுவதும் அறிந்த ஒருவர், சொல்லில்லாத கருவி தம் பக்கத்தில் ஒலிக்க வேண்டும் என்றார்.

எப்போது சேர்க்கலாம்?

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் என் முடிவு இது. வாத்திய இசை பாட்டாக வேண்டிக் காத்திருக்கும் அரைகுறைப் பொருள் அல்ல. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தபோது, ஊர்களைத் திரட்டி நிறுத்தியது ஒரு சொல்லும் இல்லாத ராகம். இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக அமைந்தது. தமிழகம் முழுவதும் அவருடைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த காலத்தில், பாட்டின் துணையில்லாமலே மெட்டு எவ்வளவு தொலைவு போகும் என்று அது காட்டியது.

அதே நேரம், சொல் சேர்ப்பது இசைக்கு இழைக்கும் தீங்கும் அல்ல. மெட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே சொல்லும் மூச்சு விட்டால், நெடிய சுரத்தில் நெடில் உட்கார்ந்தால், உச்சத்தில் வாய் திறந்து பாடக்கூடிய உயிரொலி வந்தால் மெட்டு எதையும் இழப்பதில்லை. துயரத்துக்கு ஓர் ஆள் தேவைப்படும்போது, பலர் சேர்ந்து பாட வேண்டியிருக்கும்போது, தலைமுறை தாண்டி நினைவில் நிற்க வேண்டியிருக்கும்போது சொல் பெரும் வரம். களிப்புக்கும் அமைதிக்கும், தனியே இருந்து கேட்பதற்கும், இன்னதென்று முடிவு செய்யாத மனநிலைக்கும் சொல்லில்லாத இசையே பொருத்தம்.

கர்நாடகக் கச்சேரியை அமைத்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே மாலைக்குள் வைத்தார்கள். ராகம், தானம், பல்லவியில் முதலில் சொல்லே இல்லாத ராகம் விரிகிறது. பிறகு ‘அனந்தம்’, ‘தானம்’ போன்ற அசைகளால் ஆன தானம் வருகிறது. கடைசியாகத்தான் பொருளுள்ள ஒற்றை வரியாகப் பல்லவி வருகிறது. குரல், அசை, பொருள் என்ற மூன்றும் அந்த வரிசையிலேயே, ஒன்று முழுவதும் மலர்ந்த பிறகு அடுத்தது என்று வந்து நிற்கின்றன. ஆய்வுக்கூடங்கள் இன்று பிரித்துக் காட்டுவதை, கேட்டுக் கேட்டுத் தேர்ந்த செவிகள் கச்சேரி முறையாகவே வகுத்து வைத்திருக்கின்றன. ஒரு மெட்டுக்கு வரி எழுத உட்காருபவர் இந்த வரிசையைப் பின்பற்றினால் போதும். முதலில் மெட்டைச் சொல்லில்லாமல் பாடிப் பார்க்க வேண்டும். அடுத்து அதன் அசைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகும் மெட்டு இன்னும் ஏதோ சொல்லக் காத்திருப்பதாகப் பட்டால் மட்டும் பேனாவை எடுக்க வேண்டும்.